தேய்வதற்கென்றே ஒரு தட்டு

நொய்யல் ஆற்றுப் பகுதியிலுள்ள சாமளாபுரம் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தறிக்குத் தனி மோட்டார் வராத காலத்தில், பல தறிகளை ஒரே நீண்ட சுழல்தண்டு ஓட்டியது. அப்போது ஒரு தறியை மட்டும் எப்படி நிறுத்தினார்கள்? தறியின் அச்சில் இரண்டு புல்லிகள் அருகருகே இருக்கும். ஒன்று அச்சோடு இறுகியது. மற்றது அச்சின்மேல் தனியே சுழல்வது. கைப்பிடியைத் தள்ளினால் பெல்ட் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகரும். தறி நிற்கும், சுழல்தண்டு ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஓடுவதை நிறுத்தாமல் ஓட்டப்படுவதை மட்டும் நிறுத்தும் இந்த ஏற்பாடே கிளட்ச்சின் அடிப்படைக் கருத்தாகும்.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இந்த வசதிகூட இல்லை. எஞ்சினிலிருந்து ஒரு தோல் பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குச் செல்லும். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும். மேடு வந்தால் பெல்ட் வழுக்கும்.

இந்நிலை மாறக் காரணமானது ஒரு மலை. பிரிட்டனை அடுத்த மான் தீவில் 1907 முதல் நடந்துவந்த பந்தயம், 1911-ஆம் ஆண்டில் மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு பெரிய வண்டிகளுக்கான போட்டியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை 'இந்தியன்' வண்டிகள். பெயர்தான் இந்தியன், பிறந்தது அமெரிக்காவில்! சங்கிலி, இரண்டு கியர், கிளட்ச் ஆகியவை அவற்றில் இருந்தன. கிளட்ச் இல்லாத வண்டிக்கு இனி எதிர்காலமில்லை என்பது விளங்கியது.

பத்து மடங்கு பிடி

சிறிய எஞ்சினுக்குள் பெரிய கிளட்ச்சுக்கு இடமேது? இதற்கு விடையாக வந்தது பல தட்டுக் கிளட்ச். ஹென்றி ஹெலே-ஷா என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கிளட்ச் இவ்வகையில் புகழ்பெற்றது.

இதன் கணக்கு எளிது. உராய்வுத் தட்டுகளையும் எஃகுத் தட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, சுருள்வில்களால் அழுத்துகிறோம். ஒரே அழுத்தம் எல்லாத் தட்டுகளின் வழியாகவும் செல்கிறது. ஐந்து உராய்வுத் தட்டுகளுக்குப் பத்து முகங்கள். ஆகவே, ஒரு முகம் தரும் பிடியைப்போலப் பத்து மடங்கு பிடி கிடைக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு தட்டும் 0.3 மில்லிமீட்டர் தேய்ந்தால், ஐந்து தட்டுகளில் 1.5 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அந்த அளவுக்குச் சுருள்வில் நீண்டு, அழுத்தம் தளரும். தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் மேலும் தேயும்.

எது தேய வேண்டும்?

உரசும் இரண்டில் ஒன்று தேய்ந்தே தீரும். விலை மலிந்த, எளிதில் மாற்றக்கூடிய பொருள் தேயட்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். அந்தப் பொருளைத் தேடிய கதைதான் கிளட்ச்சின் வரலாறு.

முதலில் தோல் வந்தது. பிறகு தக்கை. 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயரிட்டாரே, அதே தக்கைதான். எண்ணெயில் நனைந்தாலும் அது நன்றாகப் பிடிக்கும். மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளின் கிளட்ச் தட்டுகளில் தக்கைத் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன.

இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட் வேறு வழியில் சென்றார். வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டையோடு பழைய செருப்புத் தோலைச் சேர்த்துக் கட்டுவதைக் கண்டு, 1897-இல் உராய்வுப் பொருள் தயாரிக்கத் தொடங்கினார். அவருடைய தொடக்ககாலப் பொருள்களில் ஒன்று, பிசின் ஊட்டிய பருத்தி நெசவு! ஆனால் பருத்தி சூட்டில் கருகியது. அதன் இடத்தைக் கருகாத கனிம நாரான கல்நார் பிடித்துக்கொண்டது.

கல்நாரின் குற்றம் பின்னரே முழுமையாக விளங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத அதன் நார்கள் நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். பிரிட்டன் 1999-இல் அதற்கு முழுத்தடை விதித்தது.

இன்றைய ஈரக் கிளட்ச் தட்டுகளில் பல, காகிதம் போன்ற செல்லுலோஸ் நார்ப்படலத்தில் பிசின் ஊட்டியவை. 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்ட வலிய நாரின் இனத்தைச் சேர்ந்த அராமிட் நார்களும் சேர்க்கப்படுவதுண்டு. பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சும் இதற்குப் பயன்படுகிறது. சுற்றிவந்து மீண்டும் பஞ்சுக்கே வந்திருக்கிறோம்!

வீட்டு முற்றத்தில்

1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் கரடுமுரடுப் பாதைப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட் வண்டிகளும் இருந்தன. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அவ்வண்டியைச் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கியது. அன்றும் இன்றும் சேற்றிலும் மணலிலும் ஓட்டுபவர் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட நேர்கிறது. தட்டு விரைவில் தேய்வது இதனாலேயே.

எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால், முதலில் கேபிளின் தளர்ச்சியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, சுருள்வில் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். தட்டுகளை எடுத்த வரிசையிலேயே வையுங்கள். உராய்வுத் தட்டின் கனத்தையும் சுருள்வில்லின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து, கையேட்டிலுள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். எஃகுத் தட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அது மிகச் சூடேறியது என்று பொருள். புதிய உராய்வுத் தட்டுகளை இரவு முழுவதும் எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்த வேண்டும். கார்களுக்கான வழுவழுப்பு மிகுந்த எண்ணெயை ஊற்றினால் புதிய தட்டும் வழுக்கும். இதனால்தான் ஜப்பானியர் 1998-இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்குத் தனித் தரம் வகுத்தனர். புட்டியில் 'ஜாசோ எம்.ஏ.' குறி உள்ளதா என்று பார்த்து வாங்குக.

பழைய வண்டியின் தட்டிலும், பெயரில்லா உதிரிப்பாகத்திலும் கல்நார் இருக்கக்கூடும். அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தேய வேண்டியது தட்டு. நம் நுரையீரல் அல்ல.