கழற்ற வராத உலோகம்

கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு பல்செட் கட்டித் தருவது பல் மருத்துவத்தின் கடினமான வேலைகளில் ஒன்று. மேல் பல்செட்டாவது அண்ணத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். கீழே கவ்விக்கொள்ள ஒன்றும் கிடையாது. நாக்கு புரளும்போதெல்லாம் செட்டும் எழும்பும். போதாக்குறைக்கு, பல்லை இழந்த எலும்பு வருஷத்துக்கு வருஷம் கரைந்து தாழ்ந்துகொண்டே போகும். சென்ற வருஷம் பொருந்திய செட் இந்த வருஷம் ஆடும். முறுக்கை விட்டு, கரும்பை விட்டு, கடைசியில் நாலு பேரோடு பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வழி திறந்தவர் பல் மருத்துவர் அல்ல. அவர் தேடிக்கொண்டிருந்ததும் பல்லை அல்ல, ரத்தத்தை.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், 1950-களின் தொடக்கம். பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற இளம் மருத்துவர் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிருள்ள உடம்பிலேயே பார்க்க ஆசைப்பட்டார். இறந்த எலும்பைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவருக்கு அது போதவில்லை. முயலின் கால் எலும்பில் சின்னஞ்சிறு உலோகக் குழல் ஒன்றைத் திருகிப் பொருத்தி, அதற்குள் வளர்ந்துவரும் மெல்லிய எலும்பின் ஊடே ஒளியைச் செலுத்தி, நுண்ணோக்கியில் ரத்த அணுக்கள் நகர்வதைப் பார்த்தார். குழல் எந்த உலோகத்தில் இருக்கலாம் என்று யோசித்தபோது, அதே ஊரில் இடுப்பு மூட்டுக்கு ஏற்ற உலோகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த எலும்பு மருத்துவர் ஹான்ஸ் எம்னேயஸ் டைட்டானியத்தைச் சொன்னார்.

அந்தக் குழலைச் செய்வதற்குப் பணமும் உழைப்பும் நிறையச் செலவாகும். ஒரு முயலில் வேலை முடிந்ததும் கழற்றி அடுத்ததற்குப் பயன்படுத்த வேண்டும். கழற்றப் போனால் வரவில்லை. குழலைச் சுற்றி வளர்ந்த எலும்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருந்தது. எலும்பை உடைத்தால்தான் குழல் வரும் என்ற நிலை.

இதை முதலில் கண்டவர் பிரோனெமார்க் என்று சொல்ல முடியாது. 1940-லேயே பாத், பீட்டன், டேவன்போர்ட் என்ற மூவர் பூனையின் எலும்பில் டைட்டானியத்தை வைத்து, எலும்பு அதோடு ஒட்டி வளருவதைக் குறித்திருக்கிறார்கள். 1951-ல் அமெரிக்காவின் லெவன்தால், டைட்டானியத் திருகுகள் எலிகளின் எலும்பில் நாளாக ஆக இறுகிக்கொண்டே போவதை எழுதினார். செய்தி அச்சில் கிடந்தது. பல் நடும் ஆசையும் புதிதல்ல. 1931-ல் ஹோண்டுராஸில் கிடைத்த, சுமார் கி.பி. 600-ஐச் சேர்ந்த மாயா தாடை எலும்பு ஒன்றில் கீழ் முன்பற்கள் இருந்த இடத்தில் சிப்பித் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. 1970 வாக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்த தடம் தெரிந்தது. அதாவது, அந்தத் தாடைக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போதே நட்டது. இருபதாம் நூற்றாண்டில் பிளாட்டினக் கூடை, கோபால்ட் கலவைத் திருகு, எலும்பின் மேல் படியும் சட்டம் என்று வரிசையாக முயன்றார்கள். சில நின்றன, பல ஆடின, சீழ் வைத்தன, எலும்பையும் தின்றுவிட்டுக் கழன்றன.

ஏன் கழன்றன? அந்நியப் பொருள் ஒன்று உள்ளே வந்தால் உடம்பு பொதுவாக அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடும். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் அந்த மெத்தென்ற உறை இருந்தால், மெல்ல மெல்ல ஆட்டம் கூடும். டைட்டானியம் காற்று பட்ட நொடியே தன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. உடம்பின் நீர்மங்கள் சந்திப்பது அந்தத் தோலைத்தான். அது அரிக்கப்படுவதில்லை, எலும்புச் செல்கள் அதன்மேல் நேராகவே படிந்து வளர்கின்றன.

ஆனால் பெருமை முழுவதையும் உலோகத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் எண்ணம். பிரோனெமார்க் வருஷக்கணக்காக உயிருள்ள எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அது எவ்வளவு எளிதில் புண்படும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் ஆணி அடிப்பதுபோலத் தாடையில் உலோகத்தை இறக்கிய காலத்தில், அவர் கூரான கருவியை மெதுவாகச் சுழற்றினார். உப்புநீரைப் பீய்ச்சிக் குளிரவைத்துக்கொண்டே துளையிட்டார். அவருடைய குழுவைச் சேர்ந்த எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் பின்னர் 1983-ல் முயல் எலும்பில் அளந்தே காட்டினார்கள்: 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிஷம் இருந்தாலே எலும்பு கெடத் தொடங்குகிறது. திருகை நட்டதும் ஈறை அதன்மேல் மூடித் தைத்துவிட்டு, கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருப்பது அவர் வகுத்த முறை. அதுவரை அதன்மேல் மெல்லும் பாரம் விழக் கூடாது. வேரூன்றும் வேளையில் ஆட்டம் கண்டால் அங்கே எலும்புக்குப் பதில் நார்தான் வரும்.

1960-ல் அவர் கோதென்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே நாய்களின் பல்லை எடுத்துவிட்டு டைட்டானியத் திருகின்மேல் பிரிட்ஜ் கட்டி ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1965-ல் யோஸ்தா லார்சன் என்பவர் முதல் மனிதராக முன்வந்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவு, கோணலான தாடை, கீழே ஒரு பல்கூட இல்லை. சாப்பிடுவதும் பேசுவதும் சிரமம். அவருடைய கீழ்த்தாடையில் நான்கு திருகுகள் நடப்பட்டன. 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவர் மென்றது அந்தத் திருகுகளின்மேல் நின்ற பற்களால்தான்.

சொந்த நாட்டுப் பல் மருத்துவர்கள் நம்பவில்லை. பல் மருத்துவம் படிக்காத ஒருவர், அதுவும் தோற்றுப்போன ஒரு துறையில், இப்படிச் சொல்கிறாரே என்று கடுமையாக எதிர்த்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வரவேண்டியிருந்தது. எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாடையில் நடப்பட்டுக் கழன்று விழுந்த இம்ப்ளான்ட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சந்தேகம்தான் அவரைக் கணக்கு வைக்கவைத்தது. 1981-ல் அந்தக் குழு வெளியிட்ட பதினைந்து ஆண்டுக் கணக்கில் 371 நோயாளிகள், 2768 திருகுகள். ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டவற்றில் மேல்தாடையில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் அசையாமல் நின்றன. தோற்றவையும் அதே கட்டுரையில் எண்ணிச் சொல்லப்பட்டிருந்தன.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆந்த்ரே ஷ்ரோடர் தனி வழியில் இதையே செய்துகொண்டிருந்தார். எலும்பையும் உலோகத்தையும் பிரிக்காமல் ஒன்றாகவே சீவி, நடுவே நார் இல்லை என்று நுண்ணோக்கியில் காட்டினார். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஜார்ப், கோதென்பர்க் முறையைத் தன் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டு 1982-ல் மாநாடு ஒன்றைக் கூட்டினார். வட அமெரிக்காவின் பல் மருத்துவக் கல்லூரிகள் ஒத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். திருகுகளைத் தொழிற்சாலையில் செய்ய முன்வந்த நிறுவனம் போஃபோர்ஸ். நம் நாட்டில் பீரங்கி பேரத்தால் எல்லோருக்கும் தெரிந்துபோன அதே போஃபோர்ஸ்.

இன்று திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிக் காத்திருக்கும் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். எலும்பு உறுதியாக இருந்தால் அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. ‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள், தங்கள் எலும்பு அதற்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் சாய வேண்டும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் புகைபிடிப்பதும் இம்ப்ளான்ட்டுக்கு ஆகாதவை. இதற்குச் சொத்தை வராது. ஆனால் சுத்தம் குறைந்தால் சுற்றியுள்ள ஈறு புண்ணாகும், எலும்பு கரையும். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய தசைநார் உண்டு. சோற்றில் ஒரு கல் அகப்பட்டதும் சட்டென்று உணர்த்துவது அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது. சொந்தப் பல்லைக் காப்பாற்ற வழியிருந்தால் காப்பாற்றிவிடுவதே மேல்.

கதை வாயோடு நிற்கவில்லை. 1977-ல் கோதென்பர்க்கின் காது மருத்துவர் ஆன்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரம், காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் இதே டைட்டானியத் திருகை நட்டு, அதில் காது கேட்கும் கருவியை மாட்டினார். ஒலி எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போயிற்று. 1990-ல் தொடையோடு காலை இழந்த ஒருவருக்குத் தொடை எலும்புக்குள்ளேயே டைட்டானியத் தண்டு நட்டுச் செயற்கைக் காலை அதில் பூட்டினார்கள். அந்த வேலையை முன்னெடுத்தவர் பிரோனெமார்க்கின் மகன் ரிக்கார்ட். இப்படிக் கால் பொருத்திக்கொண்டவர்கள், எந்த மாதிரித் தரையில் நடக்கிறோம் என்பது எலும்பு வழியாகவே தெரிகிறது என்கிறார்கள்.