மதுரைப் பெண் இணையர் வழக்கு (2021)

மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், தங்கள் காதலைப் பெற்றோர் எதிர்த்ததால் சென்னை சென்று, உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரிய வழக்கு. விக்டோரியா காலப் பெண்களின் காதலைச் சொன்ன பிபிசி தொடர் 'டிப்பிங் த வெல்வெட்' (2002) நமக்குத் தொடர்பற்ற பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில், 1860இல், இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இங்கே 2018 வரை ஒருபால் உறவைக் குற்றமாக்கியது. அந்தத் தடை நீங்கிய பின்னும் வழக்கு எதற்கு? பெற்றோர் தந்தது 'காணவில்லை' என்ற புகார். அதன்பேரில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, போலீஸ் விசாரணை தொடர்ந்தது. தண்டனைச் சட்டம் மாறினால் மட்டும் போதாது, காவல் நிலைய நடைமுறையும் மாற வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாமே உளவியலாளரிடம் விளக்கம் கேட்டறிந்த பின், 2021 ஜூன் 7இல் அதைத்தான் ஆணையிட்டார்: விரும்பிச் சேர்ந்த வயதுவந்தோர் எனத் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும். பெற்றோர் கவலை நியாயம்தானே எனலாம். மகள் பத்திரமாக இருப்பது தெரிந்ததும், அந்தக் கவலையில் போலீசுக்கு வேலை இல்லை.