எழுத வல்லார், வாசிக்க மாட்டார்

பேச்சு, மனித இனத்தோடு மிகப் பழங்காலந் தொட்டே வளர்ந்து வந்த செல்வம். எழுத்தோ ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தோன்றியது. சுற்றத்தார் பேசக் கேட்டே குழந்தை பேசக் கற்றுவிடுகின்றது. வாசிப்போ ஒருவர் கற்பித்தாலன்றிக் கைகூடுவதில்லை. அவ்வாறாயின் நேற்றுத் தோன்றிய எழுத்துக்கு மூளையிலே இடமளித்தது யார்? இவ்வினாவுக்கு விடை காண வழிகாட்டியவர்கள், கற்றதை இழந்து தவித்த நோயாளிகளேயாவர்.

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்திர் வைத்தியசாலையில் ஒருவர் 21 ஆண்டுகள் இருந்தார். பிறர் கூறுவதை அவர் விளங்கிக்கொண்டார். ஆயினும் எதைக் கேட்பினும் 'டான்' என்னும் ஒலியே விடையாக வந்தது. 1861ஆம் ஆண்டு அவர் இறந்தபின் போல் புரோக்கா என்னும் வைத்தியர் அவரது மூளையைச் சோதித்து, இடப்பாதியின் முற்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். 1874இல் ஜேர்மனியரான கார்ல் வேர்ணிக்கே, இடப்பாதியின் பிற்பகுதியொன்று பழுதுபடின் சொற்கள் தடையின்றி வரினும் பொருளுணர்வு குன்றும் என்று காட்டினார். பேச்சின் இருப்பிடம் இவ்வாறு ஓரளவு புலனாயிற்று.

வாசிப்பின் மறைபொருளைத் திறந்தவர் பாரிஸ் நகரத்து வணிகர் ஒருவர். 1887ஆம் ஆண்டு ஒருநாள், ஒரு சொல்லையேனும் வாசிக்க இயலாமையை அவர் உணர்ந்தார். கண்ணிலே குறையென எண்ணிக் கண் வைத்தியரை நாடினார். பார்வையோ தெளிவாகவே இருந்தது. எழுத்துக்களின் வடிவத்தைக் கண்டார். ஒன்றைப் பாம்பு போன்றதென வருணிக்கவுஞ் செய்தார். அதன் பெயரை மட்டும் அறியார். இலக்கங்களை அறிந்து கணக்குப் பார்த்தார். கடிதமும் பிழையின்றி எழுதினார். தாம் எழுதிய கடிதத்தைத் தாமே வாசிக்க மாட்டாதவரானார். எழுத்தின் வடிவைக் கைவிரலால் தடவிச் சென்றால் மட்டும் அஃது இன்னதெனக் கூறினார்.

1892இல் மீண்டும் நோய் தாக்க, எழுதும் ஆற்றலையும் இழந்து சில நாட்களில் அவர் மறைந்தார். அவரது மூளையைச் சோதித்த வைத்தியர் டெஜரீன் இரு வகைச் சேதங்களைக் கண்டார். இடப்பாதியின் பின்புறத்திலும், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்திலும் இருந்தது பழைய சேதம். எழுத்தறிவு தங்குமிடமென அவர் கருதிய பகுதியில் ஏற்பட்டது புதியது. முதல் நோயில் அவ்வறிவு அழியவில்லை. கண்ட காட்சி அதனைச் சென்றடையும் வழியே அறுந்தது. பூட்டிய அறையில் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

ஒரு நூற்றாண்டின் பின், உயிருள்ள மூளையின் தொழிலைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்தன. 2000ஆம் ஆண்டளவில் லோரான் கோயென், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர், இடப்பாதியின் கீழ்ப்புறத்தில் எழுத்துருக்களை இனங்காணும் சிறு பகுதியொன்றை வரையறுத்தனர். முகங்களையும் பொருள்களையும் அடையாளங்காணும் பகுதிகளின் அருகே அஃது அமைந்துள்ளது. இயற்கை அதனை வாசிப்புக்கென வகுத்ததன்று. வேறு தொழிலுக்கமைந்த நிலத்தைக் கல்வி இரவல் பெற்றுப் பண்படுத்துகின்றது என்பது அவர்கள் கொள்கை.

2010இல் வெளியான ஆய்வொன்று பிரேசில், போர்த்துக்கல் நாட்டவரைச் சோதித்தது. இளமையிற் பள்ளி செல்லாது, வளர்ந்தபின் எழுத்தறிந்தோரின் மூளையிலும் அதே பகுதி எழுத்தைக் கண்டதும் விழித்தெழுந்தது. வயது கடந்தவர்க்கு எழுத்து ஏறாது என்னும் பழம்பேச்சு இதனால் வலுவிழக்கின்றது. பிந்தி வரும் மாணாக்கருக்கும் மூளை தன் கதவை அடைப்பதில்லை.