சிங்கப்பூரில் சொந்த வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டிலும் கைப்பொருள் கரைவதைப் பட்டறிந்தவர்கள் சொன்ன சொல் அது. ஆனால் ஒருவர் வீட்டுக்கு உரியவராவது அவருடைய துணிவையும் சிக்கனத்தையும் மட்டும் பொறுத்ததன்று. நாட்டின் சட்டங்களையும் பொறுத்தது. இதனை விளக்க, தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1927-ஆம் ஆண்டு அந்நகரைச் சீர்திருத்துவதற்கென இம்புரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் அமைப்பு ஏற்பட்டது. அது தன் 32 ஆண்டு வாழ்வில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. ஆனால் 1957-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்த மக்களோ 14 லட்சத்துக்கு மேல்! நகரின் நடுவே, கடைவீடுகளின் மாடிகளைப் பலகையால் தடுத்து, காற்றும் ஒளியும் புகாத அறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. நகரின் ஓரங்களில் மரச் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட வீடுகள் நெருங்கி நின்றன.

1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டு மே 25 அன்று, புக்கிட் ஹோ சுவீ என்னுமிடத்தில் மூண்ட பெருந்தீ நால்வரைப் பலிகொண்டு, ஏறத்தாழ 16,000 மக்களை வீடற்றவராக்கியது. எரிந்த இடத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஓலைக் கூரைகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளில் கழகம் கட்டிய வீடுகள் 50,000-க்கு மேற்பட்டவை. எனினும் அவ்வீடுகளில் குடியேறியோர் வாடகைக்கு இருந்தவர்களே, உரிமையாளர்கள் அல்லர்.

1964-இல் மக்கள் தம் வீட்டைத் தாமே விலைக்கு வாங்கும் திட்டம் அறிவிக்கப்பெற்றது. மக்கள் திரண்டு வந்திருப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை, வாங்க முன்வந்தோர் சிலரே. காரணம் என்ன? மாதந்தோறும் தவணை கட்டக்கூடிய தொழிலாளிக்கும், முதலில் மொத்தமாகக் கொடுக்கவேண்டிய முன்பணம் கையில் இல்லை. கதவு திறந்திருந்தது, ஆனால் வாசற்படி உயரமாக இருந்தது.

விடை வேறோர் அலுவலகத்தில் காத்திருந்தது. முதுமைக் காலத்துக்கென 1955 முதல் மத்திய சேமநிதி நடைபெற்று வந்தது. ஊதியத்தில் நூற்றுக்கு 5 பங்கு தொழிலாளியும், அதே அளவு முதலாளியும் அதில் செலுத்தி வந்தனர். 1968-இல் சட்டம் திருத்தப்பெற்றது. சேமநிதியிலுள்ள தம் பணத்தை முன்பணமாகவும், மாதத் தவணையாகவும் செலுத்த மக்களுக்கு உரிமை கிடைத்தது. எஞ்சிய விலைக்குக் கழகமே கடன் கொடுத்தது. கையில் வாங்கும் சம்பளம் குறையாமலே வீடு வாங்கும் வழி பிறந்தது. அதன் பின்னரே விண்ணப்பங்கள் பெருகின.

இவ்வளவு வீடுகளுக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் வரலாறு கற்பவர் கடமை. 1966-இல் இயற்றப்பெற்ற நில எடுப்புச் சட்டம், பொதுப் பயனுக்குத் தனியார் நிலத்தை எடுக்கும் பரந்த அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1973-இல் வந்த திருத்தம், அவ்வாண்டு நவம்பர் 30 அன்றிருந்த விலை, எடுக்கும் காலத்து விலை ஆகிய இரண்டில் குறைந்ததே இழப்பீடு என வரையறுத்தது. 2007-இல்தான் முழுச் சந்தை விலை கொடுக்கும் முறை வந்தது. ஆகவே, மலிவு விலை வீட்டின் செலவில் ஒரு பகுதியை நிலம் இழந்தவர்கள் சுமந்தார்கள் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

இன்று அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பேர் கழகத்தின் வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் உரிமையாளர்கள். இவ்வரலாற்றை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த வீடு 99 ஆண்டுக் குத்தகைதானே? முடிவில் அரசுக்கே திரும்புமென்றால், அதைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது?" என்று வினவினாள். நல்ல வினா! முதலில் விற்கப்பெற்ற வீடுகளின் குத்தகை 2060-களில் முடிவுறும். முதுமைக்கென வைத்த சேமிப்பை வீட்டில் இட்டவர்களுக்கு இது சிறு கவலையன்று. ஆனால் பலகைத் தடுப்பறையிலிருந்து வந்த தந்தைக்கு, தம்மை எவரும் வெளியேற்ற இயலாத அந்த வீடு சொந்தமாகவே இருந்தது. அதே வீடு பேரனின் கைக்கு வரும்போது, அதன் ஆயுள் குறைந்திருக்கும். தந்தைக்கு விடையாக அமைந்த திட்டம் பேரனுக்கு வினாவாகிறது என்றே அம்மாணவிக்கு மறுமொழி கூறினேன்.

மாணவ நண்பர்களே, எந்நாட்டிலும் வீட்டுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிலம் யாருடையது? முன்பணம் எங்கிருந்து வரும்? கிடைக்கும் உரிமை எத்தனை காலத்துக்கு? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே அத்திட்டத்தின் தன்மையை நாம் அறிந்தவராவோம்.