மலை வழிவிட்ட கதை

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்ட சுவரைப் போல் நிற்கிறது. ஆயினும் விருத்தாசலத்திலிருந்து சேலம் செல்லும் ரயில் எந்த மலையையும் குடையாமல் சின்னசேலம், ஆத்தூர் வழியாக மேற்கே போய்விடுகிறது. கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் இடையே உள்ள தாழ்ந்த நிலம் அதற்கு வழி விட்டிருக்கிறது. எல்லா மலைகளும் இப்படி இடம் கொடுப்பதில்லை.

மாட்டு வண்டி ஏறும் மேட்டில் ரயில் ஏற முடியாதா? முடியாது. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஒரே இஞ்சின் பல நூறு டன் எடையை இழுக்கிறது. அதே காரணத்தால் செங்குத்தான சரிவில் சக்கரம் வழுக்கும். நீலகிரியில் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி வீதம் உயரும் பாதையில் பல் சக்கரம் பூட்டி ரயிலை ஏற்றினார்கள். மற்ற இடங்களில் மலையைச் சுற்ற வேண்டும். அல்லது குடைய வேண்டும்.

செங்கோட்டைக் கணவாயில் இரண்டையும் செய்தார்கள். கொல்லம் துறைமுகத்தைத் திருநெல்வேலியுடன் இணைக்கத் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வேயும் கூட்டாக முயன்றன. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. வழியிலுள்ள குகைகளில் மிக நீளமானது பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே உள்ளது.

மலைக்குகையை வழக்கமாக இரு புறமிருந்தும் தோண்டி வருவார்கள். நில அளவைக் கருவியால் திசை குறித்து, பாறையில் துளையிட்டு, வெடிமருந்து திணித்து வெடிப்பார்கள். சிதறிய கல்லை அள்ளிய பிறகே அடுத்த துளை. கணக்கு சிறிது பிசகினாலும் இரு பாதைகளும் சந்திக்காமல் போகும். ஊறும் நீர் வெளியேற, தரைக்குச் சரிவும் வைக்க வேண்டும்.

இவ்வேலை உயிர்களையும் வாங்கியது. 1863-இல் முடிந்த பம்பாய் போர்க் கணவாய்ப் பாதையில் 25 குகைகள். காலரா, காய்ச்சல், விபத்து ஆகியவற்றால் அங்கே ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மாண்டனர். பொறியாளர் பெயர்கள் ஏட்டில் நின்றன. கல் சுமந்தவர்கள் பெயர்கள் நிற்கவில்லை.

1904-இல் ஆரியங்காவுக் குகையின் இரு வாயில்களும் திருவிதாங்கூர் மண்ணில் இருந்தன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழ்ப் பகுதியுடன் சேர்ந்தது. அதன் பின் ஒரு மாநிலத்தில் குகைக்குள் நுழையும் ரயில் மறு மாநிலத்தில் வெளிவருகிறது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் மலைப்பகுதியில் மீட்டர் பாதை ரயில்கள் நிறுத்தப்பட்டன. 1000 மில்லிமீட்டர் இடைவெளி 1676 ஆக வேண்டும். பெரிய பெட்டிகள் குகைக்குள் உரசாமல் செல்ல வேண்டும். இந்த வேலை முடிந்து 2018-இல்தான் அங்கே மீண்டும் ரயில் முழுமையாக ஓடியது.

அக்குகையின் இருட்டைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களுக்காக உழைத்த கைகளை அப்போதாவது நினைத்துக்கொள்வோம்.