போலச் செய்தலும் ஒரு பெடலும்

போன ஆடியில் அனுமந்தையில் ஓர் அம்மன் கோயில் கூழ் வார்த்தலுக்குப் போயிருந்தேன். ரஸனை காரணமல்ல. வங்கிக்கு வந்துபோகும் உப்பளக்காரர் ஒருவர் கூப்பிட்டிருந்தார், மறுக்க முடியவில்லை. இரவு மெல்லிசைக் கச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் திடல், மேடைக்குப் பின்னாலிருந்து உப்புக் காற்று, பழைய ஒலிபெருக்கிகள். இம்மாதிரிக் கச்சேரிகளில் எதை எதிர்பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்போடுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

'நலந்தானா' பாடப்போவதாக அறிவித்தார்கள். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துப் பாட்டு, கே.வி. மகாதேவன் இசை. பி. சுசீலாவின் குரலும் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளும் பாட்டு அது. குழுவில் நாகஸ்வரம் இல்லை. கீபோர்டுகாரர் அன்று வரவில்லை என்று பிறகு தெரிந்தது. கிட்டார்க்காரர் குனிந்து, காலடியில் இருந்த ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு முறை தட்டி, ஜாக்கைப் பிடுங்கி வேட்டி முனையில் துடைத்துத் திரும்பச் செருகினார். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு நாகஸ்வரத்தின் இடத்தை கிட்டாரில் வாசித்தார்.

நாகஸ்வரம் வரவில்லை. வந்தது வேறொன்று. சீவாளியின் கரகரப்பு அதில் கொஞ்சம் இருந்தது, மூச்சு இல்லை. மூச்சுக்குப் பதிலாக, தந்தியை விரலால் தள்ளித் தள்ளி ஸ்வரத்தை வளைக்கிற ஒரு பிடிவாதம். நாகஸ்வரம் என்றும் சொல்ல முடியாது, கிட்டார் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த பெரியவர், "இது இன்னா வாத்தியம்?" என்று என்னைக் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கச்சேரி முடிந்தபின் கிட்டார்க்காரரிடம் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். ரிச்சி தெருவில் செகண்ட்ஹாண்டாக வாங்கியது. ஜாக் வாயில் பச்சைக் களிம்பு. "விலையச் சொன்னா சிரிப்பீங்க சார்" என்றார். "நாதஸ்வரம் மாதிரி வரும்னு வாங்கினேன். வரல. ஆனா விட மனசு வரல."

கடைசி வாக்கியத்தில் ஒரு சரித்திரமே இருக்கிறது என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

இந்தப் பெட்டிகளின் குலமுதல்வன் ஒரு கோளாறு. 1960-இன் முடிவில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொர்ரி' பாட்டு ஒலிப்பதிவானது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பாஸ் கிட்டார் வாசித்தார். மிக்ஸரில் அவருடைய சானல் பழுதாகி, ஒலி கிழிந்து, கனத்து, மிருகம் உறுமுவதுபோல் வந்தது. அழித்துவிட்டுத் திரும்ப எடுத்திருக்கலாம், அப்படியே விட்டார்கள். 1961-இல் வெளியாகிப் பாட்டு பிரபலமானது. அந்த ஒலி வேண்டுமென்று வேறு சிலரும் கேட்டு வந்தபோது பழுதான சானல் முழுக்கவே செத்துப்போயிருந்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, செத்துப்போன கோளாறை டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு திரும்ப உண்டாக்க முனைந்தார். அந்தச் சர்க்யூட்டை கிப்ஸன் கம்பெனி வாங்கி 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே மூன்று ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்கள், டார்ச் விளக்குக்குப் போடுகிற மாதிரி பேட்டரி, காலால் மிதிக்க ஒரு பொத்தான்.

வேலை செய்யும் விதம் எளியது. தந்தி அதிரும்போது பிக்கப்பில் பிறக்கும் மின்னலை மேடும் பள்ளமுமாக வளைந்து வருகிறது. டிரான்ஸிஸ்டரைக் கொள்ளளவுக்கு மேல் பெருக்கச் சொன்னால் மேட்டின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். மொட்டையான அலையில் மூல ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்தாயி ஒலிகளும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன, கரகரப்பு அதனால். இன்னொரு விளைவும் உண்டு, அதுதான் முக்கியம். தந்தியின் அதிர்வு குறைந்துகொண்டே போனாலும், வெட்டுப்பட்ட உச்சி நெடுநேரம் அதே உயரத்தில் நிற்கிறது. மீட்டிய கணத்திலிருந்து சாகத் தொடங்கும் கிட்டார் ஒலி, சாகாமல் நீள்கிறது.

கம்பெனிக்காரர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் பெரிதாகப் படவில்லை. டிராம்போன் போல, செல்லோ போல, ஸாக்ஸஃபோன் போல ஒலிக்கும் என்றே விளம்பரம் செய்தார்கள். 'போல' என்பதுதான் சரக்கு. முதல் ஆண்டில் 5,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கடைகளுக்குப் போயின. அதன்பின் கேட்பாரில்லை. டிராம்போன் வேண்டியவன் டிராம்போன்காரனைக் கூப்பிட்டுக்கொண்டான். போலி என்ற வகையில் அது தோல்வி.

1965 மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'ஸாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டுக்கு இந்தப் பெட்டியை மிதித்தார். அவரும் கம்பெனியின் சொல்லை நம்பியவர்தான். அந்த இடத்தில் பித்தளை ஊதுவாத்யங்கள் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். கிட்டார் அதற்கு ஒரு மாதிரி வரைபடம், பிறகு அழிக்கப்பட வேண்டியது. மற்றவர்கள் அழிக்க விடவில்லை. பாட்டு அப்படியே வெளியாயிற்று; ஆண்டு முடிவதற்குள் தேங்கிக் கிடந்த பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டு ஓட்டிஸ் ரெட்டிங் அந்தப் பாட்டை உண்மையான ஊதுவாத்யங்களோடு பதிவுசெய்தார். தான் மனதில் கேட்டது அதுதான் என்று ரிச்சர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். இரண்டும் நல்ல பதிவுகள். ஆனால் மூலம் கிடைத்தபிறகும் நகல் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் அது நகலாக இல்லை.

அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் இதே கதை இன்னொரு விதமாக நடந்தது. பிராட் பிளங்கெட் என்ற இஞ்சினியருக்கு இட்ட வேலை, ஆம்ப்ளிஃபயரில் விலை அதிகமான ஒரு ஸ்விட்சை எடுத்துவிட்டு மலிவான ஒரு திருகை வைப்பது. திருகைத் திருப்பத் திருப்ப ஒலி வாய் திறந்து மூடுவதுபோல் மாறிற்று. ஆர்கனின் வால்யூம் பெடலுக்குள் அதைப் பொருத்தினார்கள். 'வா-வா' பெடல் பிறந்தது. இதை வைத்து என்ன செய்வது என்பதில் கம்பெனிக்குச் சந்தேகமே இல்லை: ஊதுவாத்யக்காரர்களுக்கு விற்பது. டிரம்பெட்டின் வாயை அடைத்துத் திறந்து வாசிப்பதில் பேர்பெற்ற கிளைட் மக்காயின் பெயரையே 1967-இல் வெளிவந்த பெடலுக்குச் சூட்டினார்கள். கடைசியில் அதை எடுத்துக்கொண்டவர்கள் கிட்டார்க்காரர்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் அது டிரம்பெட்டை மறந்தே போயிற்று.

மூன்றாவது உதாரணம் நம் பக்கத்தது. பெடல் அல்ல, பெடலின் சித்தப்பா பிள்ளை. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1981-இல் டிபி-303 என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. தனியாகச் சாதகம் செய்யும் கிட்டார்க்காரனுக்கு பாஸ் வாசித்துத் துணை நிற்பது அதன் வேலை. பாஸ் கிட்டாரைப் போல ஒலிக்கவில்லை. 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இடையில் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்யக்காரர் அதை வாங்கியிருந்தார். 1982-இல் அதையும் ரோலண்டின் ஒரு தாளப் பெட்டியையும் ஒரு சிந்தஸைஸரையும் வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி ஒன்று அந்தப் பெட்டியில் உண்டு. பாஸ் கிட்டாரின் போலியாக அது ஒரு குறை. ராகத்துக்கு அதுவே வேண்டியிருந்தது. இசைத்தட்டு விலைபோகவில்லை. 1987-இல் சிகாகோவில் சில இளைஞர்கள் அதே பெட்டியின் திருகுகளை இஷ்டத்துக்குத் திருகி 'ஆஸிட் ட்ராக்ஸ்' என்ற பதிவைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து ஓர் இசை வகையே கிளம்பியது. பம்பாய்த் தட்டு 2010-இல் மறுபதிப்பாகும்வரை வெளியுலகம் அதை அறியவில்லை. சரண்ஜித் சிங் 2015-இல் காலமானார்.

இதன் முதல் வரைவைப் படித்த நண்பர் உற்சாகமாகி, "இதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்ததுதானே" என்றார். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் செருகுகிற சிறு நூலைச் சொன்னார். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால் தந்தி இரைகிறது, மேல்ஸ்தாயிகள் மலர்கின்றன. ஜீவாளி என்பார்கள், உயிர் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நண்பர் சொன்னது தகவல் என்ற அளவில் சரி. ஆனால் 'முன்பே இருந்தது' என்ற பெருமூச்சில் எனக்குச் சம்மதமில்லை. ஜீவாளியின் இரைச்சல் வேண்டுமென்றே வைத்தது, பின்னால் நிற்பது. அந்த இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவந்து அதைக்கொண்டே பேச நாம் முயன்றதில்லை. இருந்தது என்பது வேறு, செய்தோம் என்பது வேறு.

நண்பர் விடவில்லை. மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமாகக் கொள்பவர்கள் உண்டு. நல்லியக்கோடனைக் காணச் சிறிய யாழோடு பாணன் போன வழியில் இப்படியொரு பிளாஸ்டிக் சத்தமா என்று கேட்டார். யாழ் எங்கே என்று நான் கேட்டேன். அது ஒலித்த விதத்தை இன்று காதால் அறிந்தவர் எவரும் இல்லை. அதன் இடத்துக்கு வீணை வந்தபோது, இது யாழ் போல் இல்லையே என்று குறைப்பட்ட ஒரு காது நிச்சயம் இருந்திருக்கும்.

மாண்டலினையும் சொல்ல வேண்டும். மீட்டிய ஒலி கணத்தில் அடங்கிவிடும் வாத்யம் அது. கமகத்துக்கோ, தந்தியை இழுத்து முடிக்கும்வரையாவது ஒலி உயிரோடிருக்க வேண்டும். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஜோடித் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின் பிக்கப்பும் கொண்ட மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஃபஸ் இல்லை, மின்சாரம் கொடுத்த நீட்சி மட்டும். 1981-இல் சென்னையில் வாசித்தபோது அவருக்கு வயது 12. மாண்டலின் வீணையாகிவிடவில்லை, ஆகவேண்டிய அவசியமும் நேரவில்லை. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா கர்நாடக சங்கீதத்தை மின் கிட்டாரில் வாசிப்பவர். 2006-இல் ஹெண்ட்ரிக்ஸை நினைவுகூர்ந்து ஓர் ஆல்பமே கொண்டுவந்தார். கரகரப்பும் கமகமும் ஒரே கையில் சேர்ந்துவிட்டன. நீளும் ஒலிதான் இரண்டுக்கும் பொது நிலம்.

இனி, இதை ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுவதற்கான காரணம். சென்ற ஆண்டு இதே பக்கங்களில் ஓர் இளைஞரின் முதல் தொகுப்பை, 'மொழிபெயர்ப்புகளைப் படித்து மொழிபெயர்ப்பைப் போலவே எழுதப்பட்டவை' என்று ஒரே வாக்கியத்தில் தள்ளியிருந்தேன். அவர் எந்த அயல்நாட்டுக் கவிகளைப் படித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நானும் அவர்களைப் படித்திருக்கிறேன். மூலத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு இதை அளந்தேன். எங்கெங்கே மூலத்தை எட்டவில்லையோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். அதன்பின் அவர் எந்தப் பத்திரிகைக்கும் எதுவும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

விட்மனைப் படித்த தூண்டுதலில் ந. பிச்சமூர்த்தி வசன கவிதைக்கு வந்தார் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். 1934-இல் 'மணிக்கொடி'யில் வந்த அவருடைய 'காதல்' விட்மனைப் போல இல்லை என்று இன்று யாரும் குறைசொல்வதில்லை. நமக்கு வேண்டியதே அந்த வித்யாசம்தான். பிச்சமூர்த்திக்கு ஒரு நியாயம், பின்னால் வந்தவனுக்கு ஒரு நியாயம் என்று நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

தவறிய போலியெல்லாம் சுயம் என்று சொல்ல வரவில்லை. கோளாறு கோளாறாகவே முடிவதுதான் வழக்கம். நாஷ்வில்லில் அன்று பழுதான கருவிகள் பல இருந்திருக்கும். பெரும்பாலானவற்றை ரிப்பேருக்கு அனுப்பினார்கள், சரியாகவே செய்தார்கள். வேறுபாடு காதில் இருக்கிறது. எதிர்பார்த்தது வராதபோது, வந்ததைக் கேட்க ஒருவன் வேண்டும். சில வேளை அது செய்தவனே. ரிச்சர்ட்ஸ் விஷயத்தில் மற்றவர்கள். விமரிசகனுக்கு ஏதாவது வேலை உண்டென்றால் அது அந்த மற்றவர்களின் வேலை. நான் கம்பெனி விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டிராம்போன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொகுப்பைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பாதிக்குமேல் இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் என் பென்சில் கோடுகள் விழுந்த இடங்களில் நான்கைந்து, அயல் வாக்கியத்தின் நடையும் எங்கள் பக்கத்துப் பேச்சின் இழுப்பும் உரசிக்கொண்டு, இரண்டுமல்லாத ஒரு குரலாக இருக்கின்றன. அவற்றைத்தான் நான் பிழை என்று குறித்திருந்தேன். அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. ஆகவே தீர்ப்பை அச்சிட்ட இடத்திலேயே திருத்தத்தையும் அச்சிடக் கேட்டுக்கொண்டேன்.

அனுமந்தைப் பெரியவரின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதிலில்லை. "இது இன்னா வாத்தியம்?" என்று அவர் கேட்டது போல அந்தத் தொகுப்பை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.