துவக்கு இல்லாத உறைகள்: பழைய இராணுவச் சாமான்களை அடையாளம் காண்பது எப்படி?

கொழும்புத்துறைப் பக்கம் பழைய வீடு இடிக்கும்போதோ, தூர்ந்த கிணறு துப்புரவாக்கும்போதோ தோல் உறையோ கன்வஸ் பையோ வெளிப்பட்டால் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். பிஸ்டல் உறை, ரவைப் பை, பிடியில் மாட்டும் கயிறு, குழல் துடைக்கும் கம்பி ஆகிய துணைப்பொருட்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். துவக்கு எதுவும் என்னிடம் இல்லை. இருக்கவும் கூடாது.

வருபவர்களின் முதற்கேள்வி ஒன்றுதான்: "இது வெள்ளைக்காரன்ரயோ, இந்தியன் ஆமியின்ரயோ, இல்லாட்டி எங்கட பெடியளின்ரயோ?" அடுத்த கேள்வி குரலைத் தாழ்த்தி வரும்: "வைச்சிருந்தால் பிரச்சினை வருமோ?"

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துப்பாக்கிகளுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும், வெடிபொருட்களுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. இவற்றுக்கு மேலே 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. வெறும் தோல் உறை துவக்கு அல்ல என்பது உண்மை. ஆனால் மகசின், குழல், ரவை எதையும் "பழசுதானே" என்று வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மண்ணுக்குள் இருந்து வந்த பையைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. விட்ட இடத்தில் விட்டு, அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஹலோ டிரஸ்ட், மாக் ஆகிய கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் 2002 முதல் இங்கே வேலை செய்கின்றன. இவ்வளவு வருடங்களுக்குப் பிறகும் அவர்களுக்கு வேலை முடியவில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இனி முதற்கேள்வி.

யாழ்ப்பாணத்தில் பிரித்தானிய காலத்துச் சாமான்கள் கிடைப்பதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரில் பலாலியில் பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை அமைத்தது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கிய பின் தீவு முழுவதும் படைகளால் நிறைந்தது. அக்காலத்து அதிகாரியின் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் .38 ரிவோல்வர். அதன் உறை 1937ஆம் ஆண்டு மாதிரியில், தடித்த பருத்தி நாடாவால் செய்யப்பட்டது. பின்பக்கம் பெல்ற்றில் மாட்டுவதற்குப் பித்தளைக் கொளுக்கிகள் இருக்கும். மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்தவரின் பெயரெழுத்துகள், ஆண்டு, அவற்றோடு ஓர் அம்பு முனை மையால் குத்தப்பட்டிருக்கும். அந்த அகன்ற அம்புதான் பிரித்தானிய அரசுடைமையின் குறி. கனடாவில் செய்ததென்றால் ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு நிற்கும். அவுஸ்திரேலியாவுடையது என்றால் இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவில் நிற்கும். இந்தியாவுடையதில் அம்போடு 'ஐ' எழுத்துச் சேரும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்த பின்னும் அதே 1937 மாதிரியைத் தொடர்ந்து தயாரித்தது. ஆகவே வடிவத்தை மட்டும் பார்த்து "உலகப் போர்க் காலத்தது" என்று சொல்ல முடியாது. 1987க்கும் 1990க்கும் இடையில் இந்தியப் படை இங்கே நின்ற காலத்தில் வந்து சேர்ந்ததாகவும் அது இருக்கலாம். இங்கிலாந்து நாடா இறுக்கமாக, வடிவத்தோடு நெய்யப்பட்டது. இந்திய நாடா சற்றுத் தளர்வானது. பல துண்டுகளை வெட்டிச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஆண்டு முத்திரை தெரிந்தால் விவாதமே இல்லை. தெரியாவிட்டால் தையலை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தோல் உறைகள் வேறு கதை. சாமுவேல் பிரவுண் என்ற பிரித்தானிய அதிகாரி 1858இல் இந்தியக் கிளர்ச்சியில் இடது கையை இழந்தார். ஒரு கையால் வாளைச் சமாளிக்க அவர் அமைத்துக்கொண்ட, தோளால் குறுக்கே போகும் வாரோடு கூடிய பெல்ற்றே பின்னர் அதிகாரிகளின் பெல்ற்றாகியது. பிஸ்டல் உறை தொங்கியதும் அதில்தான். படைத் தோற்சாமான் செய்வதில் பெயர்பெற்ற கான்பூரில் கருவேலம் பட்டையால் தோலைப் பதனிட்டார்கள். தமிழ்நாட்டிலோ ஆவாரம் பட்டை. நம் வளவு வேலியில் பூக்கிற அதே ஆவரசுதான். இப்படி மரப்பட்டையில் பதனிட்ட தோல், காலம் போக வெட்டுமுகத்திலும் கபிலமாகும். புதுத் தோலுக்கு மேலே சாயம் பூசியிருந்தால் ஓரத்தில் சிறிது சுரண்டினாலே வெளிறிய நிறம் தெரியும்.

போலிகள் அதிகம் வருவது வெளிநாட்டுச் சந்தையில். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம்மவர்கள் இணையத்தில் வாங்கிவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். மிக அதிகமாகப் போலி செய்யப்படுவது ஜேர்மன் லூகர் பிஸ்டலின் உறை. நாஸிக் கழுகு முத்திரை இருந்தால் விலை ஏறும் என்பதால், பழைய வெற்றுத் தோலில் பிறகு முத்திரை குத்துகிறார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். தோல் தேய்ந்த அளவுக்கு முத்திரையும் தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் வெடிப்பு, நடுவில் மட்டும் கூர்மையான கழுகு என்றால் அது பின்னால் வந்த கழுகு.

நூலும் காட்டிக்கொடுக்கும். பழைய தையல் சணலிலோ பருத்தியிலோ இருக்கும். தொங்கும் நூல் நுனியைக் கொளுத்தினால் சாம்பலாகும். பொலியெஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரளும். புற ஊதா விளக்கில் நீல வெள்ளையாகப் பளிச்சிடும் நூல் பெரும்பாலும் போருக்குப் பிந்தியது. காந்தம் ஒட்டினால் அது பித்தளை அல்ல, முலாம் பூசிய இரும்பு. முதலாம் உலகப் போர்ப் பொருள் என்று விற்பதில் நட்சத்திரப் பிளவு ஆணி இருந்தால் மேலே பேசத் தேவையில்லை. அந்த ஆணி 1930களில் வந்தது.

பொருளில் உள்ள ஆண்டைக்கூட அப்படியே நம்பக் கூடாது. ஒல்லாந்தக் கம்பனியின் 1790 ஆண்டு பொறித்த செப்புக்காசுகள், கம்பனியே கலைந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டிலும் அடிக்கப்பட்டன. அந்தக் கம்பனிக் குறியை எந்தப் பித்தளைத் துண்டிலும் குத்தலாம். உண்மையாகவே ஒல்லாந்தர் காலத்துப் பொருள் கிடைத்தால் அது சேகரிப்பாளரின் சொத்தும் அல்ல. 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது நமது தொல்பொருட் கட்டளைச் சட்டம்.

ஆனால் முத்திரையையும் நூலையும் விடப் பெரிய சான்று, பொருள் எங்கே, யாரிடம் இருந்தது என்பது. எங்களிடம் அதுதான் இல்லை. இலங்கைப் பாதுகாப்புப் படையிலோ பொலிசிலோ வேலை செய்த அப்பப்பாவின் பெல்ற்றும் சேவைச் சான்றிதழும் படமும் ஒரே றங்குப் பெட்டியில் இருந்திருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு எத்தனை பேரால் றங்குப் பெட்டி தூக்க முடிந்தது? திரும்பி வந்தபோது சீருடைப் படம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று எரித்தவர்களும் உண்டு. எஞ்சியது தாய் தகப்பனின் நினைவு மட்டும். அதையாவது இப்போதே எழுதி, திகதி போட்டு, பொருளோடு வையுங்கள்.

1980களுக்குப் பிந்திய போர்ச் சாமான்களை நான் வாங்குவதில்லை. பழமை போதாது என்பதல்ல காரணம். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது எலும்புகளோடு உடைகளும் வந்தன. 2025இல் எங்களுக்குப் பக்கத்திலேயே, அரியாலை செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில், எலும்புக்கூடுகளோடு புத்தகப் பையும் விளையாட்டுப் பொம்மையும் எடுத்தார்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதி அந்தப் பொருட்களை உறவினர்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு பெல்ற், ஒரு பை, இலக்கம் பொறித்த ஒரு தகடு என்பவை காணாமல் போன ஒரு பிள்ளையின் கடைசிச் சான்றாக இருக்கக்கூடும். இடத்திலிருந்து அகற்றிக் கழுவி விற்றால் நீதிமன்றத்துக்கும் பயனில்லை, தாய்க்கும் பயனில்லை. அப்படி ஏதாவது கண்டால் தொடாமல் படம் எடுத்து, ஒரு சட்டத்தரணி மூலம் நீதவானின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய சாமான் வாங்க வருபவரிடம் கொடுக்க வேண்டாம்.

பராமரிப்புப் பற்றிக் கொஞ்சம். கடற்காற்றில் உப்பு இருப்பதால் கொழும்புத்துறையில் பித்தளை சீக்கிரம் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சையை மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். புளி போட்டு மினுக்க வேண்டாம், முத்திரையும் சேர்ந்து போய்விடும். தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது நல்லதல்ல, அது தூசியையும் பூஞ்சணத்தையும் கூப்பிடும். கையில் சிவப்புப் பொடி ஒட்டினால் தோல் உள்ளே உக்கத் தொடங்கிவிட்டது. அதை வளைக்காமல், உள்ளே பழைய பருத்தித் துணி அடைத்துப் படுக்க வையுங்கள். பொலித்தீனில் கட்ட வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலுமாரித் தட்டில் வைத்தால் மாரியும் தாண்டும்.